'தி நியூஸ்ரூம்' கடைசி சீசன்: வேலையைக் காட்டினால் வெற்றி, தீர்ப்பு சொன்னால் சறுக்கல்

எச்.பி.ஓ. சேனலின் 'தி நியூஸ்ரூம்' 2012 ஜூனில் தொடங்கி 2014 டிசம்பர் 14 அன்று முடிந்தது. முதல் சீசனுக்கு பத்து அத்தியாயங்கள், இரண்டாவதுக்கு ஒன்பது, மூன்றாவதுக்கு வெறும் ஆறு. அந்த ஆறுக்குள் மொத்தத் தொடரின் மிகச் சிறந்த ஒரு மணி நேரமும் இருக்கிறது, மிக மோசமான ஒரு மணி நேரமும் இருக்கிறது. இரண்டையும் எழுதியது ஆரன் சோர்கின்தான். ஒரே கை எப்படி இவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தேடிப் பார்த்தால் காரணம் தெளிவாகவே தெரிகிறது. ஒரு தகவல் எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள், காத்திருந்ததால் என்ன இழந்தார்கள் என்று செய்தி அறையின் வேலையைக் காட்டும்போதெல்லாம் தொடர் நிமிர்ந்து நிற்கிறது. இணையத்தைப் பற்றியோ, இளைஞர்களைப் பற்றியோ, பாலியல் புகார்களைப் பற்றியோ கதாபாத்திரங்களின் வாயில் தீர்ப்பை வைக்கும்போது சரிந்துவிடுகிறது. (முடிவு உட்பட முழுக் கதையும் கீழே பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

பின்னணி சுருக்கமாக. ஏ.சி.என். என்பது கற்பனையான ஒரு அமெரிக்க கேபிள் செய்தி சேனல். இரவு எட்டு மணி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் வில் மெக்அவோய், அதாவது ஜெஃப் டேனியல்ஸ். நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளர் மெக்கென்சி, அதாவது எமிலி மார்ட்டிமர். செய்திப் பிரிவின் தலைவர் சார்லி ஸ்கின்னராக சாம் வாட்டர்ஸ்டன். இரண்டாவது சீசனில் இந்த அணி ஒரு பெரிய தப்பு செய்தது. அமெரிக்க ராணுவம் நச்சு வாயு பயன்படுத்தியதாக ஒரு செய்தியை ஒளிபரப்பிவிட்டு திரும்பப் பெற வேண்டியதானது. 1998-இல் சி.என்.என். ஒளிபரப்பி, அடுத்த மாதமே வாபஸ் வாங்கிய 'டெயில்விண்ட்' செய்திதான் அதற்கு மூலம். தொடரில் அந்தப் பொய் உடைபடும் விதம் அருமையாக இருக்கும். பேட்டியின் பின்னணியில் தொலைக்காட்சியில் ஓடும் கூடைப்பந்து ஆட்டத்தின் கடிகாரம் குதிக்கும், நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரியும். அந்தக் காயத்தோடுதான் மூன்றாவது சீசன் ஆரம்பிக்கிறது. சூடுபட்ட அணி இது. அதனால்தான் முதல் அத்தியாயம் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

2013 ஏப்ரல் 15, பிற்பகல் 2.49. பாஸ்டன் மாரத்தான் எல்லைக்கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடிக்கின்றன. மூன்று பேர் அங்கேயே உயிரிழந்தார்கள், 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ட்விட்டரில் படங்கள் வந்து குவிகின்றன. மற்ற சேனல்கள் லைவ் போய்விட்டன. ஏ.சி.என். மட்டும் காத்திருக்கிறது. போலீஸ், மருத்துவமனை, சம்பவ இடத்தில் நிற்பவர் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களிலிருந்து உறுதி வரும்வரை திரையில் எதுவும் போகக் கூடாது என்பது உத்தரவு. கன்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு நொடியும் கடிக்கிறது. அந்தப் பதற்றத்தைக் கத்தலும் இசையும் இல்லாமல், தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும் முகங்களாலேயே காட்டியிருக்கிறார்கள்.

நிஜத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த அத்தியாயம் இன்னும் ஆழமாகப் பிடிபடும். ஏப்ரல் 17 மதியம் ஒருவர் கைதாகிவிட்டதாக சி.என்.என். அறிவித்தது. ஏ.பி. செய்தி நிறுவனம், ஃபாக்ஸ் சேனல், பாஸ்டன் குளோப் பத்திரிகை எல்லாம் அதே நேரத்தில் அதையே சொன்னார்கள். யாரும் கைதாகவில்லை. எஃப்.பி.ஐ. கண்டித்து அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. இந்த மாதிரி விபத்தில் தப்பு எங்கே நடக்கிறது என்றால், 'இரண்டு சோர்ஸ் (தகவல் தந்தவர்கள்) உறுதி செய்தார்கள்' என்ற கணக்கில்தான். இரண்டு அதிகாரிகளும் ஒரே கூட்டத்தில் ஒரே ஆள் சொன்னதைக் கேட்டவர்களாக இருந்தால், அது ஒரு சோர்ஸ்தான். இன்னொரு சேனல் சொல்கிறது என்பது சோர்ஸே இல்லை. ஆனால் பரபரப்பில் டெஸ்க்கில் இருப்பவருக்கு நான்கு திரைகளில் ஒரே வரி ஓடுவது நான்கு உறுதிப்பாடுகளாகத் தெரிகிறது. தொடர் இதைப் பாடமாக ஒப்பிக்காமல், 'அவர்களுக்கு யார் சொன்னது?' என்ற ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறது. முதல் சீசனின் நான்காவது அத்தியாயத்தில், சுடப்பட்ட எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் இறந்துவிட்டதாக என்.பி.ஆர். வானொலி சொன்னபோதும் இந்த அணி அறிவிக்க மறுக்கும். ஒருவர் இறந்தார் என்று சொல்ல வேண்டியது மருத்துவர், செய்தி சேனல் அல்ல என்று அங்கே இன்னொரு தயாரிப்பாளரான டான் சொல்வான். அதே தசைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

இதில் ஒரு நியாயமான குறை உண்டு. நிகழ்வு முடிந்து ஒன்றரை வருடம் கழித்து எழுதும் ஆளுக்கு எல்லா விடையும் தெரியும். யார் தப்பு செய்தார்கள், யாரை நம்பியிருக்கக் கூடாது என்று பின்னோக்கிப் பார்த்து ஹீரோக்களைச் சரியான பக்கம் நிறுத்துவது சுலபம். முதல் சீசன் முழுக்க இந்த வசதியைத் தாராளமாக அனுபவித்தது. மூன்றாவது சீசன் அதற்கு ஒரு விலை வைக்கிறது. ஏ.சி.என். சரியாகச் செய்கிறது, ரேட்டிங் சரிகிறது. சரியாகச் செய்ததற்கு யாரும் கைதட்டவில்லை. இந்த ஒரு முடிவே பழைய சீசன்களின் பெருமிதத்தைப் பாதிக்குப் பாதி சரிக்கட்டிவிடுகிறது.

சீசனின் முதுகெலும்பு, ஏ.சி.என். இணையதளத்தைக் கவனிக்கும் நீல் சம்பத்தின் கதை. தேவ் படேலுக்கு இரண்டு சீசன்களாகக் கிடைக்காத கனம் இங்கே கிடைக்கிறது. முகம் தெரியாத ஒருவர் அரசின் ரகசிய ஆவணங்கள் 27,000 வைத்திருப்பதாகத் தொடர்பு கொள்கிறார். ஆப்பிரிக்காவில் குண்டு என்ற கற்பனை நாட்டில் அமெரிக்கா பரப்பிய பொய்ச் செய்தியால் கலவரம் மூண்டு ஆட்கள் செத்த விவரம் அதில் இருக்கிறது. நீல் ஒரு காரியம் செய்கிறான். இணையத்தோடு ஒருபோதும் இணையாத கணினி ஒன்றை வாங்கு, அதில் வைத்து இப்படி அனுப்பு என்று அந்த ஆளுக்கு வழி சொல்லித் தருகிறான். அங்கேதான் கோடு தாண்டுகிறான்.

பலர் இந்தக் கோட்டைக் கவனிக்காமல், 'ரகசிய ஆவணத்தை வாங்கியதற்காகத் துரத்துகிறார்கள்' என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேறொருவர் சட்டவிரோதமாக எடுத்த தகவல் தானாகக் கைக்கு வந்தால், எடுத்ததில் பங்கில்லாத ஊடகம் பொதுநலன் சார்ந்த அந்தத் தகவலை வெளியிட்டதற்காகத் தண்டிக்க முடியாது என்று 2001-இல் பார்ட்னிக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் முழு பலமும் 'பங்கில்லாத' என்ற சொல்லில் இருக்கிறது. எடுப்பதற்கு உதவினால் அந்தப் பாதுகாப்பு கழன்றுவிடும். செய்தி அறைக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்து சோதனை போடுவதும் சும்மா நாடகத்துக்காக வைத்தது இல்லை. செய்தியாளரின் குறிப்புகளைச் சோதனை ஆணை போட்டு எடுப்பதை 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஆனால் அந்தச் செய்தியாளரே குற்றத்தில் பங்கு பெற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தால் விதிவிலக்கு. ஃபாக்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரோசனை 'உடந்தையாளர்' என்று எஃப்.பி.ஐ. நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது இந்த விதிவிலக்கைப் பிடித்துத்தான். அது வெளியே தெரிந்தது 2013 மே மாதம். ஏ.பி. நிறுவனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் பதிவுகளை அரசு ரகசியமாக எடுத்ததும் அதே மாதம்தான் அம்பலமானது. சோர்கின் இந்த இரண்டையும் பிசைந்து நீலின் கதையைச் செய்திருக்கிறார். சட்ட ஆலோசகர் ரெபெக்கா ஹாலிடே (மார்சியா கே ஹார்டன்) 'நீ வாங்கியது பிரச்சினை இல்லை, சொல்லிக் கொடுத்ததுதான் பிரச்சினை' என்ற பொருளில் விளக்கும் இடம் இந்தச் சீசனின் மிக உபயோகமான இரண்டு நிமிடங்கள்.

இந்தக் கதைப்பகுதிக்குக் காலம் கூட்டியிருக்கும் மதிப்பையும் சொல்ல வேண்டும். கதை நடக்கும் ஏப்ரலுக்கு அடுத்த மாதமே, 2013 மேயில், 'தி நியூ யார்க்கர்' பத்திரிகை ஆவணங்களைப் பாதுகாப்பாகப் பெறும் பெட்டி ஒன்றைத் திறந்தது. இன்று பெரிய பத்திரிகைகள் பயன்படுத்தும் செக்யூர்டிராப் முறைக்கு அதுதான் முன்னோடி. எப்படி அனுப்புவது என்ற வழிமுறையை எல்லோருக்கும் பொதுவாக இணையதளத்தில் எழுதி வைப்பதும், தனி ஒருவரின் காதில் 'இதைச் செய், அடுத்து இதைச் செய்' என்று ஓதுவதும் வேறு வேறு. அந்த வேறுபாடு அப்போது பலருக்குப் புரியவில்லை. 2019-இல் விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே மீது முதலில் வெளியான குற்றச்சாட்டும், கடவுச்சொல்லை உடைக்க உதவ முன்வந்தார் என்ற அதே இடத்தில்தான் வந்து நின்றது. ஐந்து வருடம் முன்பே ஒரு தொலைக்காட்சித் தொடர் அந்த முடிச்சைச் சரியாகத் தொட்டிருக்கிறது என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இளம் தயாரிப்பாளர் மேகியின் (அலிசன் பில்) ரயில் காட்சி அளவில் சிறியது, கைவேலையில் நுணுக்கமானது. பாஸ்டனிலிருந்து திரும்பும் ரயிலில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் சத்தமாகப் பேசுவதை மேகி கேட்டுக் குறித்துக்கொள்கிறாள். பொது இடம், பொதுக் காது, எனவே எழுதலாம் என்பது ஒரு வாதம். தன்னை யாரோ செய்தியாளர் கேட்கிறார் என்று தெரியாத மனிதரின் தனிப்பேச்சு என்பது எதிர்வாதம். மேகி குறிப்பைக் கைவிடுகிறாள். அந்த நேர்மைக்குப் பதிலாக அதிகாரி, இன்னும் வெளியிடக் கூடாது என்று தடை நேரம் குறிக்கப்பட்ட அறிக்கையையும் பேட்டியையும் தருகிறார். ஒரே துறையைத் தொடர்ந்து கவனிக்கும் பீட் ரிப்போர்ட்டர்கள் ஒவ்வொருவருக்கும் பழக்கமான பேரம் இது. இன்றைய ஒரு வரிச் செய்தியை விட்டுக்கொடுத்து, நாளைய முழுச் செய்தியை வாங்குவது. நல்லவளாக இருந்ததற்குக் கதை உடனடியாகப் பரிசு கொடுத்துவிடுவது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. நிஜத்தில் அந்தப் பரிசு பல நேரம் வருவதே இல்லை. ஆனாலும் அலிசன் பில் இந்தச் சீசனில்தான் முதல்முறையாக வேலை தெரிந்த பெண்ணாக வருகிறார். பாஸ்டனில் இன்னொரு தொகுப்பாளர் எலியட்டால் கேமரா முன் நிற்க முடியாமல் போக, மேகியே மைக்கைப் பிடித்து லைவ் கொடுக்கும் இடம் அதற்கு நல்ல அடித்தளம்.

அந்த அதிகாரியோடு வில் நடத்தும் பருவநிலைப் பேட்டி தனியாகத் துண்டு போட்டு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடித்தவர் பால் லீபர்ஸ்டீன். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பூமியின் மரணச் சான்றிதழை வாசிக்கிறார். ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 400 பங்கைத் தொட்டது என்று அவர் சொல்வது உண்மையான எண். 1958-இல் அங்கே அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ ஒட்டி இருந்தது. ஒளிபரப்பான சமயத்தில் பருவநிலைச் செய்தியாளர்கள் சிலர் வரி வரியாகச் சரிபார்த்து, பெரும்பாலும் சரி என்றே எழுதினார்கள். பேட்டி பிசகுவது கடைசிப் பகுதியில். என்ன செய்யலாம் என்று வில் கேட்கக் கேட்க, ஒன்றும் செய்ய முடியாது என்றே பதில் வருகிறது. அது அறிவியல் சொன்ன பதில் இல்லை. 2013 செப்டம்பரில் வந்த ஐ.நா. அறிவியல் குழுவின் அறிக்கை, வெப்ப உயர்வை இரண்டு டிகிரிக்குள் நிறுத்த இன்னும் எவ்வளவு கரியமிலம் எரிக்கலாம் என்று மிச்சக் கணக்கே போட்டுக் கொடுத்தது. மிச்சம் இருக்கிறது என்பதும், அது வேகமாகக் கரைகிறது என்பதும் சேர்ந்துதான் செய்தி. சிரிப்பு வேண்டும் என்பதற்காக ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எண்ணில் காட்டிய அக்கறையை முடிவில் காட்டவில்லை.

நான்காவது அத்தியாயத்தில் வில் நீதிமன்றத்தில் நீலுக்குத் தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுக்கிறான், சிறைக்குப் போகிறான். அமெரிக்காவில் மத்திய அளவில் செய்தியாளருக்கு இந்தப் பாதுகாப்பு தரும் சட்டம் கிடையாது. 1972-இல் பிரான்ஸ்பர்க் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்ததுதான் இன்னும் நிற்கிறது. இந்த வகை சிறை தண்டனை அல்ல, வற்புறுத்தல். பேசினால் அன்றே வெளியே வரலாம். பேசமாட்டார் என்று உறுதியாகிவிட்டாலோ, கிராண்ட் ஜூரியின் (வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) காலம் முடிந்தாலோ விட்டாக வேண்டும். அதனால்தான் உள்ளே போனவர்களின் நாட்கள் இவ்வளவு மாறுபடுகின்றன. 2005-இல் செய்தியாளர் ஜூடித் மில்லர் 85 நாட்கள் இருந்தார், அவருக்குத் தகவல் தந்தவர் அனுமதி கொடுத்ததும் வெளியே வந்தார். ஜாஷ் உல்ஃப் 226 நாட்கள் இருந்தார். வில்லுக்குத் தொடர் கொடுப்பது 52 நாட்கள். இந்தச் சட்டக் கட்டமைப்பைக் கதை சுத்தமாகப் பிடித்திருக்கிறது. சிறைக்குப் போகும் முன் அவசர அவசரமாக நடக்கும் வில்–மெக்கென்சி கல்யாணம், ஓடிக்கொண்டே பேசும் சோர்கின் பாணிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதில் அழுகையும் சிரிப்பும் உண்மையாகவே இருக்கின்றன.

ஐந்தாவது அத்தியாயத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

முதலில் சிறை அறை. வில்லோடு ஒரு கைதி இருக்கிறான், நாள் முழுக்க வாதம் செய்கிறான். கடைசியில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை, வில்லைச் சிறுவயதில் அடித்துத் துன்புறுத்திய அப்பாவின் உருவம்தான் அது என்று தெரிகிறது. இருபத்தைந்து அத்தியாயத் தொடரில் ஒருமுறைகூடக் கையாளாத ஒரு உத்தியைக் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் கொண்டுவந்தால் அது ஒட்டாது. 52 நாட்கள் ஒரு தொகுப்பாளர் உள்ளே இருக்கும்போது அவருக்கும் அலுவலகத்துக்கும் வழக்கறிஞருக்கும் இடையே என்ன நடக்கும், அவர் இருக்கையில் யார் உட்காருவார்கள், ஸ்பான்சர்கள் என்ன செய்வார்கள் என்பதைக் காட்டியிருந்தால் இந்தத் தொடரின் பலத்திலேயே நின்றிருக்கலாம்.

அடுத்தது பிரின்ஸ்டன் மாணவியின் கதை. தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லும் மாணவி, குற்றம் செய்தவர்களின் பெயரைப் பெண்கள் அடையாளம் சொல்லாமல் பதிவிட ஒரு தளம் நடத்துகிறாள். அவளையும் அவள் குற்றம் சாட்டும் ஆணையும் ஒரே ஸ்டுடியோவில் லைவில் மோதவிட வேண்டும் என்பது சேனலின் புதிய முதலாளியின் ஆசை. அதை நடக்கவிடாமல் செய்ய டான் அவளைப் பார்க்கப் போகிறான். லைவ் மோதல் அருவருப்பானது என்று டான் நினைப்பது முற்றிலும் சரி. ஆனால் அங்கே போய் அவன் செய்வது, அவளிடமே 'அவன் சொல்வதை நம்ப வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது' என்ற வாதத்தை வைப்பது. பிறகு அலுவலகத்துக்கு வந்து, அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சார்லியிடம் பொய் சொல்கிறான்.

வேலை தெரிந்த தயாரிப்பாளர் அங்கே என்ன செய்வார்? போலீஸ் புகார் இருக்கிறதா, பல்கலைக்கழகத்தில் கொடுத்த கடிதம் இருக்கிறதா, மருத்துவமனைப் பதிவு இருக்கிறதா, சம்பவத்தன்று அவள் யாரிடம் முதலில் சொன்னாள் என்று கேட்பார். அந்த நண்பர்களைத் தனித்தனியாகப் பார்ப்பார். எதிர்த்தரப்புக்குக் குற்றச்சாட்டின் முழு விவரத்தையும் எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல உரிய நேரம் தருவார். பேட்டியை லைவில் எடுக்காமல் பதிவு செய்து, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் ஒளிபரப்புவார். நம்புவதா நம்பாமலிருப்பதா என்ற கேள்வியே செய்தியாளரின் மேசைக்கு வராது. சரிபார்க்க முடிகிறதா என்பது மட்டும்தான் வரும். பாஸ்டன் குண்டுக்கு இதே அணி கடைப்பிடித்த அத்தனை ஒழுங்கும் இந்தப் பெண்ணின் விஷயத்தில் காணாமல் போய், ஒரு ஆணின் சங்கடமான மனசாட்சியாக மட்டும் சுருங்கிவிடுகிறது.

ஒளிபரப்பான நேரமும் கொடுமை. வர்ஜீனியா பல்கலைக்கழக வன்முறை பற்றிய 'ரோலிங் ஸ்டோன்' கட்டுரை 2014 நவம்பர் 19 அன்று வந்தது. அதில் ஓட்டைகள் இருப்பதாக அந்தப் பத்திரிகையே டிசம்பர் 5 அன்று ஒப்புக்கொண்டது. இந்த அத்தியாயம் டிசம்பர் 7 அன்று ஒளிபரப்பானது. கொலம்பியா இதழியல் பள்ளி 2015 ஏப்ரலில் கொடுத்த ஆய்வறிக்கை, அந்த மாணவியின் நண்பர்களைக் கட்டுரையாளர் தேடிப் பேசவே இல்லை என்பதை முக்கியமான தவறாகச் சுட்டியது. அங்கே இடறியது விசாரணையின் படிநிலைகளில்தான். அதைப் பேசுவதற்கு இந்தத் தொடரைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்க முடியாது. தொடரின் எழுத்தாளர் குழுவில் இருந்த அலீனா ஸ்மித், இந்தப் பகுதியை எதிர்த்து விடாமல் வாதாடியதால் அறையை விட்டு வெளியே அனுப்பப்பட்டதாக அப்போது ட்விட்டரில் எழுதினார். அறைக்குள் பேசியதை வெளியே சொன்னது வருத்தம் தருகிறது என்று சோர்கின் பதில் அறிக்கை விட்டார். தன் குழுவிலேயே ஒருவர் எச்சரித்திருந்தால் அதைக் கதைக்குள் ஒரு கதாபாத்திரத்தின் வாதமாக நுழைத்திருக்கலாம். இரண்டு தரப்புக்கும் கூர்மையான வசனம் எழுதத் தெரிந்தவர் அவர். இங்கே மட்டும் ஒரு தரப்புக்குப் பேனாவைக் கொடுக்கவில்லை.

அதே அத்தியாயத்தில் சேனலின் பொருளாதாரச் செய்தியாளர் ஸ்லோன் சாபித் (ஒலிவியா மன்), பிரபலங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பதிவிடும் செயலியை நடத்தும் இளைஞனைப் பேட்டியில் உரித்து எடுக்கிறாள். அவளுடைய கேள்விகள் சரியானவை. உறுதி செய்யாத தகவலைப் போடுகிறீர்களே, ஒருவருக்கு ஆபத்து வந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு உருப்படியான பதிலும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. இணையம் சம்பந்தப்பட்ட எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் இதே கதிதான். தயாரிப்பாளர் ஜிம்மின் காதலி ஹேலி சேரும் இணையதளம் பக்கப் பார்வைக்கு ஏற்ப போனஸ் தருகிறது, உடனே அவள் தன் காதல் சண்டையையே கட்டுரையாக்கிவிடுகிறாள். அதற்கு முன், நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலிருந்து அவள் ஒரு மோசமான வரியைப் போட்டு வேலையை இழக்கும் பகுதி மட்டும் நன்றாக இருக்கிறது. சொந்தக் கணக்கும் அலுவலகக் கணக்கும் ஒரே போனில் இருந்தால் என்ன ஆகும் என்பது எந்தச் செய்தி அறைக்கும் தெரிந்த பயம். அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் மிச்சமிருக்கும்.

நிறுவனம் கைமாறும் கதை ஆறு அத்தியாயத்துக்குள் மூச்சுத் திணறுகிறது. லியோனா லான்சிங்காக ஜேன் ஃபோண்டா வரும் ஒவ்வொரு காட்சியும் மின்னுகிறது. அவரிடமிருந்து வாங்கும் லூகஸ் ப்ரூயிட் (பி.ஜே. நோவாக்) வெறும் கெட்ட யோசனைகளின் தொகுப்பு. பார்வையாளர்களே செய்தி தரட்டும் என்று அவன் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பாஸ்டனிலேயே எஃப்.பி.ஐ. பொதுமக்களின் படங்களைக் கேட்டு வாங்கியது. கூடவே, ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் கூடியவர்கள் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரைக் குற்றவாளி என்று சுட்டிக்காட்டியதும், அந்தத் தளம் மன்னிப்புக் கேட்டதும் நடந்தன. இரண்டையும் எடைபோடும் முதலாளியாக அவனை எழுதியிருந்தால் சார்லியின் போராட்டத்துக்கே கனம் கூடியிருக்கும்.

காதல் கதைகளில் டான்–ஸ்லோன் ஜோடி மட்டும் தேறுகிறது. ஜிம்–மேகி இணைவதற்காக, அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் ஏறப்போவதாக எல்லோரும் நம்பிய 2013 ஜூன் 24 மாஸ்கோ–ஹவானா விமானத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நிஜத்தில் அந்த விமானத்தில் செய்தியாளர்கள் ஏறி உட்கார்ந்து, காலியான 17ஏ இருக்கையைப் படம் எடுத்துக்கொண்டு கியூபா போய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவு அபாரமான ஒரு நிஜச் சம்பவம் இரண்டு பேரின் முத்தத்துக்குப் பின்னணித் திரையாகிவிட்டது.

சார்லியின் மரணத்தை மன்னிக்க முடியாதவர்கள் உண்டு. புதிய முதலாளிக்கு வளைந்துகொடுத்து, தன் பிள்ளைகளைப் போன்றவர்களிடமே கத்திக்கொண்டிருக்கும்போது அலுவலகத்தின் நடுவில் விழுகிறார். ஆனால் இந்த ஒரு முடிவு சரியானது. செய்திப் பிரிவின் தலைவர் என்பவர் மேலே இருக்கும் பணத்துக்கும் கீழே இருக்கும் நேர்மைக்கும் நடுவில் நசுங்கும் ஆள். சாம் வாட்டர்ஸ்டன் ஐந்து அத்தியாயங்களாகத் தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே வந்து, அந்த நசுங்கலை உடம்பிலேயே காட்டிவிட்டார். கடைசி அத்தியாயம் அவருடைய இறுதிச் சடங்கு நாளையும், எல்லாம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. முதல் சீசனின் தொடக்கத்தில், அமெரிக்கா உலகின் தலைசிறந்த நாடு இல்லை என்று வில் கொட்டித்தீர்த்த அந்தப் பிரபலமான பல்கலைக்கழகப் பேச்சுக்குப் பின்னால் சார்லி எவ்வளவு திட்டமிட்டிருந்தார் என்பது தெரியவரும்போது, தொடரின் ஆரம்பமே வேறு நிறம் எடுக்கிறது. சார்லியின் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து வில் ஒரு பழைய கன்ட்ரி பாடலை வாசித்துப் பாடும் காட்சி நெகிழ வைக்கிறது. ஆனால் மெக்கென்சியைச் செய்தித் தலைவராக்கும் முடிவு இரண்டு நிமிடப் பேச்சில் முடிகிறது. எஃப்.பி.ஐ.யிடம் சிக்காமல் வெளிநாடு போயிருந்து நாடு திரும்பும் நீல், இணையதளத்தில் பட்டியல் கட்டுரை எழுதும் இளைஞர்களைக் கடிந்துகொள்கிறான். அவன் எழுப்பிய 27,000 ஆவணங்கள், அவற்றைக் கொடுத்து உயிரையும் விட்ட அந்த ஆள், குண்டு நாட்டில் செத்தவர்கள் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஆறு அத்தியாயம் இழுத்த செய்தி கடைசிவரை ஒளிபரப்பானதா இல்லையா என்று சொல்லாமல் ஒரு செய்தி அறைத் தொடர் முடிவது பெரிய குறை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: பழைய சீசன்களை முழுக்கப் பார்க்க நேரம் இல்லையென்றால் முதல் சீசனில் ஒன்று, நான்கு, இரண்டாவதில் ஏழு ஆகிய அத்தியாயங்கள் போதும். மூன்றாவது சீசன் புரிந்துவிடும். வசனம் ஓட்டமாக ஓடும், ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் தொடங்குவார். சப்டைட்டில் போட்டுப் பார்ப்பதே நல்லது, அதையும் கைபேசித் திரையில் பார்த்தால் பாதி வரிகள் தப்பிவிடும். முதல் மூன்று அத்தியாயங்களை ஒரே மூச்சில் பார்க்கலாம், நான்காவதை அடுத்த நாள். இதழியல் மாணவர்கள் முதல் இரண்டையும் கூடிப் பார்த்து, ஒவ்வொரு முடிவிலும் நிறுத்தி 'இங்கே நாம் என்ன செய்வோம்' என்று பேசினால் ஒரு பருவப் பாடத்துக்கு ஈடாகும். ஐந்தாவதில் சிறை அறைக் காட்சிகளைத் தாண்டிவிட்டுப் போனாலும் கதையில் ஒன்றும் குறையாது. பிரின்ஸ்டன் பகுதியைத் தாண்ட வேண்டாம். பாஸ்டன் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே கேட்ட எந்தக் கேள்விகள் இங்கே கேட்கப்படவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே.